மாமா தொட்டிக்குள் வைத்த இரண்டு செங்கல்

போன மாதம் சின்ன மகன் புது வீட்டுக்குக் கழிப்பறைச் சாமான் வாங்க என்னையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். கழுத்துப்பட்டை கட்டியிருந்த விற்பனையாளர் ஒரு வெள்ளைப் பீங்கானைக் கன்றுக்குட்டியைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டே, இதில் இரண்டு பொத்தான், சின்னதுக்குச் சின்னது, பெரியதுக்குப் பெரியது, பாதித் தண்ணீர் மிச்சம், எல்லாம் வெளிநாட்டு மூளை என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளிநாடாவது ஒன்றாவது. எழுபதுகளின் கடைசியிலேயே போடிநாயக்கனூரில் என் மாமனார் இதைக் கண்டுபிடித்துவிட்டார். அவருக்குப் பொத்தான்கூடத் தேவைப்படவில்லை, இரண்டு செங்கல் போதுமாக இருந்தது. தண்ணீர் மிச்சம் சரி, போக வேண்டியது போகுமா என்று கேட்டேன். அதெல்லாம் போகும் மேடம் என்றார். மாமாவும் இதையேதான் சொன்னார்.

நான் மதுரையில் பிறந்து வளர்ந்தவள். சம்பந்தம் பேச வந்தபோது என் அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். வீட்டுக்குள் ஒரு கக்கூசு வேண்டும், என் மகள் காட்டுக்குப் போய்ப் பழகியவள் இல்லை என்றார். மாப்பிள்ளை வீடு ஒன்றும் இல்லாத வீடு இல்லை. போடிமெட்டுக்குப் போகும் மலைச்சரிவில் ஏலக்காய்த் தோட்டம், சிலமலைப் பக்கம் நஞ்சை, ஊருக்குள் மாடி வைத்த வீடு எல்லாம் இருந்தது. கக்கூசு மட்டும் இல்லை. அதை யாரும் குறையாக நினைத்ததும் இல்லை. ஆண்கள் நினைத்த நேரத்தில் ஓடைப் பக்கம் நடந்தார்கள். பெண்கள் விடியுமுன் ஒரு தடவை, இருட்டிய பின் ஒரு தடவை. நடுவில் அவர்களுக்கு வயிறு என்ற ஒன்று கிடையாது என்று ஊரே கூடித் தீர்மானம் போட்டிருந்தது.

மாமா ரோஷக்காரர். பெண் வீட்டுக்காரன் வாய் திறந்து கேட்டது கக்கூசு, அதை அவன் வாழ்நாளில் பார்த்திராத மாதிரி கட்டிக் காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டார். மதுரையிலிருந்து பீங்கானும், சங்கிலி தொங்கும் இரும்புத் தொட்டியும் லாரியில் ஏலக்காய்ச் சாக்குகளுக்கு நடுவே வந்து இறங்கின. கொல்லையில் அறை கட்டி, சுண்ணாம்பு அடித்து, கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். நான் கல்யாணமாகிப் போய் இறங்கிய அன்று என்னைப் பார்க்க வந்த கூட்டத்தில் பாதி என்னைப் பார்க்கவில்லை. கொல்லைக்குப் போய் வரிசையாகச் சங்கிலியை இழுத்துப் பார்த்துவிட்டு, அடேயப்பா, என்னா சத்தம் என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்கள்.

அந்தத் தெருவில் ஒருவருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. என் மாமியார். அத்தை வாசலில் நின்று எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். சோறு திங்கிற வீட்டுக்குள்ளேயே வெளிக்கிருக்கிறதா, நாய்கூட அதைச் செய்யாதே என்பது அவர் கட்சி. கடைசிவரை அவர் ஓடைப் பக்கம்தான் போனார். அதற்குக் காரணம் ஆசாரம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் உண்மை புரிந்தது. அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் தானாக வருவதில்லை. மாடியில் ஒரு டிரம் வைத்து அதிலிருந்து குழாய் இறக்கியிருந்தார்கள். டிரம்மை நிரப்புவது அத்தையின் இடுப்பு.

அந்த வருஷம் மழை பொய்த்துக் கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. தெருக்குழாயில் இரண்டு நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் வரும். அத்தை வரிசையில் நின்று, சண்டை போட்டு, பிடித்து, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக மாடிப்படி ஏறுவார். சங்கிலியை ஒரு தடவை இழுத்தால் மூன்று குடம் காலி. புது மருமகள் தெருக்குழாய்ப் பக்கம் போகக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். பிறகு நான் முழுகாமல் இருந்தேன், அதனால் குடத்தைத் தொடவே கூடாது. ஆக, இழுப்பவள் நான், சுமப்பவர் அவர். நான் கொல்லைக் கதவை நோக்கி நடந்தாலே அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு மாடிப்படியைப் பார்ப்பார். வாய் திறந்து ஒரு சொல் சொல்லமாட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மாமாவுக்கு அத்தையின் இடுப்பு கண்ணில் படவில்லை, தண்ணீர்தான் பட்டது. மூன்று குடத்தை மலையில் ஒரு ஏலச்செடிக்கு ஊற்றினால் காய் கொத்துக் கொத்தாகத் தொங்குமே, இங்கே எதற்காக ஊற்றுகிறோம் என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார். எதற்காக என்று அவருக்கே தெரியும், இருந்தாலும் சாப்பாட்டு நேரத்தில்தான் கேட்டார். மறுநாள் ஏணி போட்டு ஏறித் தொட்டிக்குள் ஒரு செங்கல்லை வைத்தார். ஒரு குடம் மிச்சம். அந்த மகிழ்ச்சி தாங்காமல் அடுத்த வாரம் இன்னொரு செங்கல்லையும் வைத்தார். இப்போது சங்கிலியை இழுத்தால் ஒரு குடம் தண்ணீர்தான் வந்தது. அது வந்து பீங்கானைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இருப்பதை ஒன்றும் தொந்தரவு செய்யாமல் தான் மட்டும் கீழே போனது.

இதை யார் மாமாவிடம் சொல்வது? சொன்னேன், நானேதான். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, மாமா, தண்ணி பத்தலை என்று மட்டும் சொன்னேன். அவர் அதை வியாபாரி காதால் கேட்டார். ஒருவர் சரக்கு மட்டம் என்றால் உடனே நம்பிவிடுவாரா? பார்த்து, அளந்து, சலித்து அல்லவா முடிவுக்கு வர வேண்டும்? கொத்தனாரைக் கூப்பிட்டனுப்பினார். கக்கூசைக் கட்டிய அதே கொத்தனார். பரிசோதனை நடத்த வேண்டும், எதை வைத்து நடத்தலாம் என்று இருவரும் கொல்லையில் நின்று ஒரு நாழிகை பேசினார்கள்.

கொத்தனார் சாணி உருண்டை என்றார். சாணி லட்சுமி, அதைப் போய் அங்கே போடுவதா என்று மாமா காதைப் பொத்தினார். வாழைப்பழம் என்றார் கொத்தனார். திங்கிற பண்டம், கூடாது. களிமண் அடைத்துக்கொள்ளும் என்று கொத்தனாரே வேண்டாம் என்றுவிட்டார். கடைசியில் மாமா உள்ளே போய், சல்லடையில் கழித்துப் போட்டிருந்த பொக்கு ஏலக்காயில் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தார். உள்ளே விதை இல்லாத, விலை போகாத காய். அவர் வாழ்க்கையில் எதையும் அளந்தது ஏலக்காயால்தான், ஆகவே இதையும் அதனால்தான் அளந்தார். இருபது காயை எண்ணிப் போட்டு, சங்கிலியை இழுத்து, இருவரும் குனிந்து பார்த்தார்கள். இருபதும் அப்படியே மிதந்துகொண்டிருந்தன. மறுபடியும் இழுத்தார்கள். இரண்டு போனது. பதினெட்டு நின்றது.

பொக்குக் காய் மிதக்கும் என்பது போடியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதிலும் மாமாவுக்குத் தெரியாததா? ஆனால் கொல்லைக்கு வந்ததும் அந்த அறிவு எங்கோ ஒளிந்துகொண்டது. கொத்தனாருக்கும் தெரிந்துதான் இருக்கும். பெரிய மனிதர் தப்பு செய்யும்போது சுட்டிக்காட்டுவது அவர் சோலி இல்லை என்று தலையாட்டிக்கொண்டு நின்றார். சனிக்கிழமை மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்த என் வீட்டுக்காரரிடம், ஏங்க, ஏலக்காய் மிதக்கத்தானே செய்யும், அப்பாவிடம் சொல்லுங்களேன் என்றேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, எங்கப்பாட்ட நீயே சொல்லு என்றார். அந்தக் குடும்பத்து ஆம்பிளைகளின் வீரம் அவ்வளவுதான்.

இந்தச் சோதனையால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் கொல்லையில் எப்போதும் ஏலக்காய் மணந்தது. அந்த வீட்டில் கக்கூசுக்கே ஏலக்காய் போடுகிறார்களாம் என்று தெருவில் பேச்சு பரவி, மாமாவின் மதிப்பு இரண்டு படி ஏறியது.

பதினெட்டுக் காய் நின்றது தண்ணீர் குறைவதால் அல்ல, வேகம் குறைவதால் என்று மாமா முடிவு கட்டினார். மலையில் அவர் பார்க்காத தண்ணீரா? தோட்டத்து ஓடையில் மேலேயிருந்து விழுகிற தண்ணீர் பாறையையே புரட்டுகிறது. அப்படியானால் தொட்டியை உயர்த்த வேண்டும், செங்கல்லை எடுக்க வேண்டியதில்லை. கொத்தனார் கக்கூசின் கூரையைப் பிளந்து அதற்கு மேலே ஆளுயரத்துக்கு ஒரு மேடை எழுப்பி, இரும்புத் தொட்டியை அதன்மேல் உட்கார வைத்தார். தெருக்கோடியிலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கோபுரம் தெரியும். வெளியூர்க்காரர் ஒருவர் கும்பிட்டுவிட்டுப் போனதாக என் வீட்டுக்காரர் சத்தியம் செய்தார்.

வேகம் வந்தது. ஐயோ, அது வந்த வேகம். ஒரு குடம் தண்ணீர் அத்தனை உயரத்திலிருந்து பீங்கானில் வந்து மோதி, திரும்பி எழும்பி, இழுத்தவர் கால், சேலை, முகம் என்று பார்க்காமல் அடித்தது. அதோடு என்னென்ன வந்தது என்று நான் எழுதப்போவதில்லை. முதல் நாள் மாமாவே இழுத்துப் பார்த்துவிட்டு நேரே கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகினார். அப்போதாவது புத்தி வந்ததா என்றால், வந்தது, வேறு மாதிரி. சங்கிலியின் நுனியில் சாக்கு கட்டும் சணல் கயிற்றை முடிந்து, சுவரில் துளை போட்டு, கயிற்றை முற்றத்துக்குக் கொண்டுவந்து தூணில் கட்டினார். போகிறவர்கள் போய்விட்டு, வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, முற்றத்தில் நின்று இழுக்க வேண்டும். நனையாது பாருங்கள்.

முற்றத்தில்தான் மாமா கட்டில் போட்டுப் படுத்திருப்பார். அங்கேதான் ஏலக்காய் வாங்க வருகிறவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை ஆண்களுக்கும் நடுவே போய்க் கயிற்றை இழுப்பது என்பது, நான் இப்போதுதான் இருந்துவிட்டு வந்தேன் என்று தண்டோரா போடுவதுதான். இழுக்காமல் விட்டால் அதைவிடக் கேவலம். இது போதாதென்று சின்னதுக்கெல்லாம் கயிற்றைத் தொடக்கூடாது, ஒரு செம்புத் தண்ணீர் போதும் என்றும் உத்தரவு. அந்தச் செம்புத் தண்ணீரும் அத்தை தலையில் ஏறி வந்ததுதான். அதை ஊற்றும்போதெல்லாம் அவர் மூச்சு வாங்கப் படியேறுவது எனக்குக் கேட்கும்.

அப்போது எனக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. பிள்ளை வயிற்றில் இருந்தால் மணிக்கொரு தடவை போகச் சொல்லும், இது எந்தப் பெண்ணுக்கும் தெரியும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். காலையில் ஒரு டம்ளர், ராத்திரி சோற்றோடு ஒரு டம்ளர். பகல் முழுக்க அடக்கிக்கொண்டு, முற்றம் காலியாகும் நேரம் பார்த்துக் காத்திருப்பேன். மாமா செங்கல்லை வைத்துத் தண்ணீரை மிச்சம் பிடித்தார், நான் என்னை வைத்து மிச்சம் பிடித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. கக்கூசு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவள் இப்போது கக்கூசைப் பற்றிப் புகார் சொன்னால் மதுரைக்காரி கொழுப்பு என்பார்கள் என்ற பயம் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது.

ஐந்தாம் மாதம் பிறந்து நாலாம் நாள் குளிர் தூக்கிப் போட்டது. இடுப்பு இரண்டாகப் பிளப்பதுபோல வலி, காய்ச்சல், ஒன்றுக்குப் போனால் நெருப்பு. ஊரில் இருந்த பெண் டாக்டரிடம் அத்தைதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறாய் என்று கேட்டார். இரண்டு தடவை என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். வீட்டில் கக்கூசு இல்லையா என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தைதான் பதில் சொன்னார், இருக்குங்க, நல்லாத்தான் கட்டியிருக்கு என்று.

கக்கூசு இருக்கிற வீட்டில் எதற்காக அடக்கிக்கொண்டு கிடக்கிறாள் என்று டாக்டர் அத்தையைப் பார்த்துக் கேட்டார். பிறகு மருந்தை எழுதிக்கொண்டே நிதானமாகச் சொன்னார். அடக்கி அடக்கி உள்ளே சீழ் பிடித்துவிட்டது, காய்ச்சல் அதனால்தான். இந்தக் காய்ச்சல் ஏறினால் கர்ப்பம் தங்காது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், வரும்போதெல்லாம் போக வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளையை மறந்துவிடுங்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தை அழவில்லை. எந்தக் காய்ச்சல், எப்படி வரும், எந்த மாதத்தில் வரும் என்று டாக்டரிடம் மறுபடியும் மறுபடியும் கேட்டார். டாக்டருக்கே எரிச்சல் வந்துவிட்டது. வீடு வரும்வரை அத்தை என் கையை விடவில்லை.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது மாமாவும் கொத்தனாரும் முற்றத்தில் நின்றிருந்தார்கள். மேடையை இன்னும் அரை ஆள் உயர்த்தலாமா என்பது பேச்சு. மாமாவின் உள்ளங்கையில் இருபது ஏலக்காய் தயாராக இருந்தது. அத்தை செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கொத்தனாரிடம் போனார்.

"ஏணியப் போடுப்பா. அந்தச் செங்கல் ரெண்டையும் எடுத்து வெளிய போடு. வெரசா."

கொத்தனார் மாமாவைப் பார்த்தார். மாமா சிரித்துக்கொண்டே, செங்கல்லை எடுத்தால் தண்ணீருக்கு எங்கே போவது என்று ஆரம்பித்தார்.

"தண்ணி நான் சுமக்குறேன். நீங்க எதுக்கு மிச்சம் பிடிக்கிறீக?"

முப்பது வருஷத்தில் அத்தை அவரிடம் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. மாமா குரலை இறக்கி, டாக்டர் ஏதாவது சொல்லிப் பயம் காட்டியிருப்பார், மாசமான பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் காத்துக் கருப்பு பட்டிருக்கும், கோயிலில் திருநீறு வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று சொன்னார். சமாதானமாகத்தான் சொன்னார். அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

"மொதப் பிள்ளைக்கும் இதத்தான் சொன்னீக. அஞ்சு மாசம், பொம்பளப் பிள்ளை. இதே இடுப்பு வலி, இதே காய்ச்சல். இருட்டட்டும், இருட்டட்டும்னு பகலெல்லாம் அடக்கிக்கிட்டுக் கெடந்தேன். கருப்பு அடிச்சிருச்சுன்னு உங்க ஆத்தா சொன்னாக, நீங்களும் சொன்னீக, இம்புட்டு வருசமா நானும் அப்படித்தான் நெனச்சேன். காத்துமில்ல, கருப்புமில்ல. ஒண்ணுக்குப் போக எடமில்ல. அம்புட்டுத்தான்."

அந்த வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மாமா கையிலிருந்த ஏலக்காயை முற்றத்தில் போட்டுவிட்டார். கொத்தனார் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காமல் ஏணியைச் சாத்தி ஏறினார். பாசி பிடித்த இரண்டு செங்கல்லும் கொல்லையில் வந்து விழுந்தன. அத்தை எழுந்து தூணிலிருந்த சணல் கயிற்றை அவிழ்த்துத் துளைக்குள் தள்ளிவிட்டார். மறு வாரம் கோபுரத்தையும் இடித்துத் தொட்டியைப் பழைய இடத்துக்கே இறக்கினார்கள்.

செங்கல் விழுந்த அன்றே என்னை உள்ளே அனுப்பிவிட்டு அத்தை கதவுக்கு வெளியே நின்றார். எத்தனை தடவை வேண்டுமானாலும் போ, யார் இருந்தாலும் போ என்றார். நான் கதவோர மூலையில் ஒதுங்கிக் கயிற்றை இழுத்தேன். மூன்று குடத் தண்ணீரும் இறங்கி என் சேலையை முழங்கால்வரை நனைத்தது. ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று. வெளியே வந்தபோது மாமா தெருக்குழாய்க்குப் போயிருந்தார், குடத்தோடு. பெண்கள் வழிவிட்டார்களாம், அவர் முந்தாமல் வரிசையிலேயே நின்றாராம். தலையில் வைத்துக்கொள்ளத் தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படியில் பாதித் தண்ணீரைச் சிந்தியபடி ஏறினார். அத்தை பார்த்துக்கொண்டு நின்றார், வாங்கிக்கொள்ளப் போகவில்லை.

பிள்ளை தங்கியது. மாசம் நிறைந்து பிறந்தபோது, மருத்துவச்சி துணியில் சுற்றிக் கொண்டுவந்து, பொம்பளப் பிள்ளை என்று கொஞ்சம் தயங்கித்தான் நீட்டினாள். பேரன் இல்லையே என்று மாமியார் முகம் சுளிப்பார் என்று நானும் பயந்துகொண்டுதான் கிடந்தேன். அத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வெகு நேரம் பார்த்துவிட்டு அதனிடம் மட்டும் கேட்கும்படி, "வந்துட்டியா ஆத்தா" என்றார்.